முள்ளை நம்பி ராடைத் திருகாதீர்கள்

டர்போ வண்டிகளுக்கு வெளியில் வாங்கிய பூஸ்ட் கேஜ் மாட்டிக்கொடுக்கும் பட்டறைக்காரர்களுக்கும், அந்தக் கேஜைப் பார்த்து டியூனிங் செய்யும் நண்பர்களுக்கும்,

உங்கள் பட்டறை வாசலில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்றைப் பற்றியது இந்த மடல். "அண்ணே, போன வாரம் 14 காட்டுச்சு, இப்ப 11-ஐத் தாண்ட மாட்டேங்குது. காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணுன்னு காட்டுது" என்று வண்டிக்காரர் வந்து நிற்கிறார். அவருக்குச் சொல்ல இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. ஒன்று, டர்போ வீக் ஆகிவிட்டது. இன்னொன்று, கேஜ் டூப்ளிகேட். முதல் பதிலைச் சொன்னால் நல்ல டர்போ கழற்றப்படுகிறது, அல்லது வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டரின் ராடை இரண்டு சுற்றுத் திருகி முள்ளை மறுபடி 14-க்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். கேஜ் 3 பி.எஸ்.ஐ குறைத்துக் காட்டிக்கொண்டிருந்ததுதான் உண்மை என்றால், இப்போது இன்ஜினுக்குள் போவது 17. பெட்ரோல் வண்டியில் அது நாக்கிங்கில் தொடங்கி பிஸ்டனில் போய் முடியலாம். பழைய டீசலில் டர்போவின் ஆயுளைத் தின்னும். இரண்டாவது பதிலைச் சொன்னால் சரியாக வேலை செய்த கேஜ் குப்பைக்குப் போகிறது, புதுக் கேஜ் அதே ஓட்டை ஹோஸில் மாட்டப்பட்டு அதே தப்பான எண்ணைக் காட்டுகிறது.

நான் வைக்கும் வாதம் ஒன்றுதான். மேனிஃபோல்டில் ஒரு நிப்பிளில் தொடங்கி, டி-ஜாயிண்ட், ஹோஸ், ஃபயர்வால் ரப்பர், சென்சார், வயர், எர்த் என்று வந்து டேஷ்போர்டில் முடிகிற ஒரு பாதையின் கடைசியில்தான் அந்த எண் தெரிகிறது. அந்தப் பாதையைச் சோதித்து நிரூபிக்காத வரை, டர்போவைப் பற்றியோ கேஜைப் பற்றியோ தீர்ப்புச் சொல்ல நமக்கு ஆதாரம் கிடையாது. நிரூபிக்கப் பெரிய கருவியும் வேண்டாம். ஒரு ஸ்கேனர், ஒரு மல்டிமீட்டர், வீட்டில் கிடக்கும் டயல் வைத்த பி.பி. கருவி, அரை மணி நேரப் பொறுமை, இவை போதும்.

முதலில், கேஜில் எந்தக் கோளாறும் இல்லாமலே எண் மாறும் இடங்களை ஒதுக்கிவிட வேண்டும். பூஸ்ட் கேஜ் காட்டுவது மேனிஃபோல்டு அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. வெளிக்காற்று மாறினால் வித்தியாசமும் மாறும். சென்னைக் கடற்கரையில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் சுமார் 78. இன்றைய பல வண்டிகளில் இ.சி.யு. மேனிஃபோல்டின் முழு அழுத்தத்தைக் குறிவைத்துத்தான் டர்போவைக் கட்டுப்படுத்துகிறது. அந்தக் குறி 200 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் கேஜ் 99 கிலோபாஸ்கல், அதாவது 14 பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேல் காட்டும். ஊட்டியில் டர்போ ஈடுகொடுத்து அதே 200-ஐத் தந்தால், அதே கேஜ் 122 கிலோபாஸ்கல், ஏறக்குறைய 17.7 பி.எஸ்.ஐ காட்டும். வண்டியும் சரி, டர்போவும் சரி, கேஜும் சரி. ஸ்பிரிங்கை மட்டும் நம்பும் பழைய வகை வேஸ்ட்கேட் வண்டியில் இது நடக்காது. அங்கே ஊட்டியிலும் ஏறத்தாழ அதே எண்தான் நிற்கும். பெட்ரோல் வண்டியின் ஐடில் வேக்குவமும் இப்படித்தான். கீழே 20 அங்குலம் காட்டியது மலைமேல் 13-ஐ ஒட்டி நிற்கும். அதைப் பார்த்து ரிங் போயிற்று, வால்வு போயிற்று என்று சொன்னால் அது காற்றின் குணத்தை இன்ஜினின் தலையில் கட்டுவதாகும். எனவே வண்டிக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த ஊரில் பார்த்தீர்கள், எந்த கியரில், எவ்வளவு ஆர்.பி.எம்மில், எவ்வளவு நேரம் மிதித்துப் பார்த்தீர்கள் என்பதே. முதல் இரண்டு கியர்களில் பூஸ்ட்டைக் குறைத்து வைக்கும் வண்டிகள் நிறைய. லோடு இல்லாமல் நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் டர்போ முழு அழுத்தம் தராது. டிஜிட்டல் கேஜில் பீக் ஹோல்டு பிடித்துவைத்த ஒரு நொடி எண்ணையும், மூன்றாவது கியரில் நிலையாக நின்ற எண்ணையும் ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

கேஜின் உள்ளமைப்பும் இதில் சேர்கிறது. முள் வைத்த மெக்கானிக்கல் கேஜில் பெரும்பாலும் இருப்பது, 1849-இல் பிரான்சின் யூஜின் போர்டான் காப்புரிமை பெற்ற அதே வளைந்த குழாய்தான். உள்ளே அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும், அந்த அசைவு முள்ளைத் திருப்பும். குழாயின் வெளிப்புறத்தில் இருக்கும் காற்றும் அதை அழுத்துகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கேஜின் கூடு காற்றோட்டமாக இருந்தால் அந்த வெளிக்காற்று ஊர்க்காற்றுதான், பிரச்சினை இல்லை. கூடு இறுக்கமாக மூடப்பட்டிருந்தால் உள்ளே சிக்கிய காற்று வெயிலில் சூடாகிறது. காலையில் 30 டிகிரியில் இருந்த கேஜ், மதியம் மூடிய காரின் டேஷ்போர்டில் 60 டிகிரிக்குப் போனால், கூட்டுக்குள் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு ஏறிவிடும். அது 10 கிலோபாஸ்கல், கிட்டத்தட்ட 1.5 பி.எஸ்.ஐ. இன்ஜின் ஆஃப் ஆகி நிற்கும்போதே முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி நிற்கும், ஓடும்போதும் அதே அளவு குறைத்துக் காட்டும். "காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு" என்ற புகாரில் பாதி இங்கேயே தீர்ந்துவிடக்கூடும். எண்ணெய் நிரப்பிய கேஜ் என்றால் மேலே இருக்கும் சின்ன ரப்பர் அடைப்பை ஒருமுறை தூக்கிவிட்டால் உள்ளழுத்தம் சமமாகிவிடும். நம் ஊர் வெயிலில் இதைச் சொல்லிக்கொடுக்காமல் கேஜ் விற்பது நியாயமில்லை.

இனி மாட்டிய இடத்துக்கு வருவோம். என் கணிப்பில் தப்பான எண்களின் பெரிய ஊற்று இதுதான். பெட்ரோல் வண்டியில் த்ராட்டிலுக்குப் பிறகு, மேனிஃபோல்டிலிருந்து நேரே வரும் தனி நிப்பிளில்தான் கேஜின் ஹோஸ் ஏற வேண்டும். அங்கேதான் ஐடிலில் வேக்குவம், மிதித்தால் பூஸ்ட் என்ற இரண்டும் கிடைக்கும். த்ராட்டிலுக்கு முன்னால் இன்டர்கூலர் பைப்பில் எடுத்தால் வேக்குவமே தெரியாது. ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் ஒரு கணம் பூஸ்ட் நிற்பதாகக் காட்டும். டர்போவின் கம்ப்ரசர் வாயிலேயே எடுத்தால், இன்டர்கூலரில் இழக்கும் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ கணக்கில் வராமல் எப்போதும் கூடுதலாகவே காட்டும். பிரேக் பூஸ்டர் ஹோஸில் டி போடுவது இன்னும் மோசம். அதில் ஒருவழி வால்வு இருக்கிறது. வால்வுக்கும் பூஸ்டருக்கும் நடுவே எடுத்திருந்தால் வேக்குவம் பிடித்துக்கொண்டு முள் நகராது, பூஸ்ட் அந்தப் பக்கம் வரவே வராது. போதாக்குறைக்கு பிரேக்கின் பாதுகாப்பிலும் கைவைத்ததாகிறது.

இவை எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்குப் போகும் சின்ன ஹோஸ். கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது, ஹோஸின் அளவும் ஒத்துப்போகிறது, அதனால் பலரும் அதில்தான் டி போடுகிறார்கள். அந்த ஹோஸின் நடுவே இ.சி.யு. இயக்கும் சொலினாய்டு உட்கார்ந்திருக்கிறது. நொடிக்குப் பலமுறை திறந்து மூடி, அழுத்தத்தில் ஒரு பகுதியை அது வெளியே கழித்துவிடுகிறது. அப்படிக் கழித்தால்தான் வேஸ்ட்கேட் மூடியிருந்து பூஸ்ட் ஏறும். ஆக, சொலினாய்டுக்கு அந்தப்பக்கம் டி போட்ட கேஜ் காட்டுவது டயாஃப்ரத்தில் மிச்சம் இருக்கும் அழுத்தத்தை. இ.சி.யு. கூடுதல் பூஸ்ட் வேண்டும் என்று கேட்கும் நேரத்தில்தான் கேஜ் குறைவாகக் காட்டும். குளிர்ந்த காலை, சூடான மாலை, மேடு, சமதளம் என்று சொலினாய்டின் வேலை மாறும்போதெல்லாம் எண்ணும் மாறும். இந்த வண்டியில் கேஜை மாற்றினாலும் டர்போவை மாற்றினாலும் புகார் அப்படியே இருக்கும். டி-ஜாயிண்ட்டை இடம் மாற்றினால் மட்டுமே போகும்.

டீசலுக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். பெட்ரோலில் இருப்பதுபோல் காற்றை நெரிக்கும் த்ராட்டில் டீசலில் அந்த வேலைக்கு இல்லை. புதிய டீசல்களில் ஒரு காற்றுத் தட்டு இருந்தாலும் அது இ.ஜி.ஆருக்கும், இன்ஜினை அணைக்கும்போது குலுக்கலைக் குறைக்கவும்தான் பெரும்பாலும் உதவுகிறது. ஆகவே டீசல் வண்டியில் ஐடிலில் முள் பூஜ்யத்தை ஒட்டி நிற்பது இயல்பு. அதைக் கேஜின் பழுது என்று சொல்லி மாற்றிக்கொடுப்பது வண்டிக்காரரின் பணத்தை வீணாக்குவது.

அடுத்தது ஹோஸ். கேஜுடன் பெட்டியில் வரும் மெல்லிய ரப்பர் ஹோஸ் இன்ஜின் சூட்டுக்கு ஏற்றதா என்று பார்க்காமலே மாட்டப்படுகிறது. டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கம் வழியாகப் போனால் சில மாதத்தில் இறுகி வெடிப்பு விடும். மென்மையான சிலிக்கான் ஹோஸ் சூட்டைத் தாங்கும்; ஆனால் சுவர் மெலிதாக இருந்தால் ஐடில் வேக்குவத்தில் உள்ளே ஒட்டிக்கொள்ளும், ஃபயர்வால் ரப்பரின் விளிம்பில் நசுங்கும், டை இறுக்கிய இடத்தில் பாதி அடைபடும். பாதி அடைபட்ட ஹோஸ் நிலையான எண்ணை மாற்றாது, ஆனால் முள்ளைத் தாமதப்படுத்தும். மிதித்த இரண்டாவது நொடியில் 14 வர வேண்டியது, கியர் மாற்றுவதற்குள் 10-ஐத்தான் எட்டும். நெடுஞ்சாலையில் நீண்ட ஏற்றத்தில் மட்டும் 14-ஐத் தொடும். வண்டிக்காரர் இதைத்தான் "சில சமயம் வருது, சில சமயம் வரல" என்கிறார். கேஜைவிடத் தாழ்வாகத் தொங்கும் ஹோஸில் எண்ணெய் தேங்கினாலும் இதே கதைதான், கூடவே முள் நடுங்கும்.

லீக் பற்றி ஒரு நுட்பத்தை விளங்கிக்கொள்வது நல்லது, ஏனென்றால் பலர் இதில் தப்பான முடிவுக்கு வருகிறார்கள். கேஜின் ஹோஸில் குண்டூசி அளவு ஓட்டை இருந்தால் எண் தாறுமாறாகக் குறையும் என்று நினைக்கிறோம். திறந்த நிப்பிளில் நேரடியாக மாட்டிய ஹோஸில் அப்படி நடக்காது. ஓட்டை வழியாகப் போகும் காற்றைவிட எத்தனையோ மடங்கு மேனிஃபோல்டு தந்துகொண்டே இருக்கும், எண் அசையாது. முள் நடுங்குகிறது என்று யாரோ அந்த ஹோஸின் தொடக்கத்தில் ஊசித்துளை வைத்த ரெஸ்ட்ரிக்டரைச் செருகியிருந்தால் கதை மாறிவிடுகிறது. உள்ளே வரும் வழியும் ஊசித்துளை, வெளியே போகும் வழியும் ஊசித்துளை. இப்போது முள் தெளிவாகவே குறைந்து நிற்கும், பூஸ்ட் ஏற ஏற வித்தியாசமும் கூடும். ரெஸ்ட்ரிக்டர் மட்டும் இருந்தபோதும் சரியாகக் காட்டியது, லீக் மட்டும் இருந்தபோதும் சரியாகக் காட்டியது. இரண்டும் சேர்ந்ததும் தப்பாயிற்று. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து "இதுல ஒண்ணும் இல்ல" என்று முடிவுசெய்பவர் இதைப் பிடிக்கவே முடியாது. மொத்தப் பாதையையும் ஒரே தடவையில் அழுத்தம் ஏற்றிச் சோதிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

எலக்ட்ரானிக் கேஜில் ஹோஸ் சுருங்கி வயர் நீளுகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. சாதாரணமாக சென்சாருக்கு 5 வோல்ட் கொடுக்கிறோம், அது அழுத்தத்துக்கு ஏற்ப அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட் வரை திருப்பித் தருகிறது. 300 கிலோபாஸ்கல் அளவு கொண்ட சென்சார் என்றால் ஒரு வோல்ட்டுக்கு 75 கிலோபாஸ்கல். சென்சாரின் எர்த் இன்ஜின் பிளாக்கிலும் டிஸ்பிளேயின் எர்த் டேஷ்போர்டு ஸ்க்ரூவிலும் தனித்தனியாகக் கொடுக்கப்பட்டிருந்தால், ஹெட்லைட்டும் ஏ.சி. ஃபேனும் ஓடும்போது அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே பத்தில் ஒரு வோல்ட் வித்தியாசம் வருவது பெரிய அதிசயமில்லை. அந்தப் பத்தில் ஒரு வோல்ட் 7.5 கிலோபாஸ்கல்; அதாவது 1.1 பி.எஸ்.ஐ. இரவில் ஒரு எண், பகலில் ஒரு எண் என்ற புகாரின் விடை இப்படி ஒரு ஸ்க்ரூவில் இருக்கலாம். இன்ஜின் ஓடும்போது, லைட், ஃபேன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை சென்சாரின் எர்த் பின்னிலும் மறுமுனையை டிஸ்பிளேயின் எர்த்திலும் வைத்துப் பாருங்கள். சென்சாரின் எர்த்தை டிஸ்பிளே யூனிட்டுக்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லையே இராது. சில மலிவான கேஜ்களில் இன்னொன்றும் உண்டு: சென்சார் முழு அழுத்தத்தை அளக்கும், டிஸ்பிளே கண்ணை மூடிக்கொண்டு 101-ஐக் கழிக்கும். ஊட்டியில் இன்ஜின் ஆஃபில் அது மைனஸ் 3 பி.எஸ்.ஐ காட்டும். இக்னிஷன் போட்டதும் ஊர்க்காற்றை அளந்து பூஜ்யம் பிடித்துக்கொள்ளும் கேஜில் இது வராது.

சோதனைக்கு வருகிறேன். முதல் படி எல்லோருக்கும் தெரிந்தது, ஆனால் யாரும் எழுதி வைப்பதில்லை: இன்ஜினை அணைத்து, இக்னிஷனை மட்டும் போட்டு, கேஜ் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது. ஸ்கேனரிலும் அதே நேரத்தில் மேப் சென்சாரின் எண் காற்றழுத்த எண்ணோடு ஒட்டிப்போக வேண்டும். இரண்டாவது படிக்குத்தான் பி.பி. கருவி. அதன் டயல் 300 மில்லிமீட்டர் பாதரசம் வரை போகும். அது 40 கிலோபாஸ்கல், 0.4 பார், 5.8 பி.எஸ்.ஐ. நல்ல நிலையில் இருக்கும் கருவிக்கு அனுமதிக்கப்படும் பிழை 3 மில்லிமீட்டர்தான். நம் டேஷ்போர்டில் இருக்கும் எந்தக் கேஜையும்விட அது நம்பத்தக்கது. மீன்தொட்டிக் கடையில் காற்றுக் குழாய்க்கு விற்கும் பிளாஸ்டிக் டி-ஜாயிண்ட் ஒன்றை வாங்குங்கள். மேனிஃபோல்டு நிப்பிளிலிருந்து கேஜின் ஹோஸைக் கழற்றி, பி.பி. கருவியின் டியூபோடு அந்த டி வழியாகச் சேருங்கள். கையில் சுற்றும் பட்டையைக் கழற்றிவிடாமல் ஒரு தண்ணீர் பாட்டிலைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். பட்டையில் கொஞ்சம் காற்று தங்குவதால் முள் குதிக்காமல் மெதுவாக ஏறும். பல்பை அமுக்கி டயலை 150-க்குக் கொண்டுவந்தால் கேஜ் 2.9 பி.எஸ்.ஐ காட்ட வேண்டும், 300-க்குக் கொண்டுபோனால் 5.8. பிறகு கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் டயலைக் கவனியுங்கள். அது இறங்கினால் எங்கோ காற்று போகிறது. சோப்பு நுரையைத் தடவினால் இடம் தெரிந்துவிடும். கருவியே லீக் ஆகிறதா என்பதை முதலிலேயே டி-யின் வாயை விரலால் அடைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹோஸ், ஃபயர்வால், ஜாயிண்ட், கேஜ் எல்லாம் இந்த ஒரே சோதனையில் அடங்கிவிடுகின்றன. ரெஸ்ட்ரிக்டர் இருந்தால் கேஜ் முள் டயலுக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

கிடைக்கும் எண்களை எப்படிப் படிப்பது என்பதில்தான் பட்டறைக்காரரின் திறமை இருக்கிறது. பூஜ்யத்திலும் ஒரு பி.எஸ்.ஐ குறைவு, 300-இலும் அதே ஒன்று குறைவு என்றால் பூஜ்யம் நகர்ந்திருக்கிறது. மூடிய கூடு, எர்த், ஊர் உயரம் இவற்றில் ஒன்றுதான் காரணம், டர்போவுக்குத் தொடர்பில்லை. பூஜ்யத்தில் சரியாக நின்று, ஏற ஏற வித்தியாசம் கூடினால் சென்சாரின் அளவை டிஸ்பிளேயில் தப்பாகத் தேர்ந்திருக்கலாம், அல்லது நான் மேலே சொன்ன ரெஸ்ட்ரிக்டரும் லீக்கும் கூட்டுச் சேர்ந்திருக்கலாம். ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது இன்னொன்றும் காட்டினால் முள்ளின் பல்சக்கரம் உராய்கிறது. இங்கே எல்லாம் சரியாக இருந்து, சாலையில் மட்டும் எண் மாறினால், அப்போதுதான் இன்டர்கூலர் பைப்பின் கிளாம்ப், ஆக்சுவேட்டர், சொலினாய்டு, கடைசியாக டர்போ என்று போக உங்களுக்கு உரிமை வருகிறது.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியாதவை அல்ல. "6 பி.எஸ்.ஐ வரைக்கும்தானே பார்க்கிறோம், 15-ல் என்ன ஆகும்?" என்பது நியாயமான கேள்வி. அதற்கு ரெகுலேட்டர் வைத்த காற்றும், நம்பத்தக்க இன்னொரு கேஜும் வேண்டும். 1 பார் வரை ஏற்றிப் பார்க்கலாம். டயருக்குக் காற்றடிக்கும் லைனை நேராகக் கேஜில் வைத்துவிடாதீர்கள், அதில் வரும் அழுத்தத்துக்குக் கேஜ் தாங்காது. ஆனாலும் பெரும்பாலான கோளாறுகள் 6-க்குள்ளேயே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், முதல் சோதனையைத் தவிர்க்க இது காரணமாகாது.

"ஸ்கேனரே மேனிஃபோல்டு அழுத்தத்தைக் காட்டுகிறதே, வெளிக் கேஜ் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. பி.எஸ்.6 விதிகள் அமலுக்கு வந்த 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய கார்கள் எல்லாவற்றிலும் ஓ.பி.டி. இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க அது அருமையான துணை. அதற்கும் எல்லை உண்டு. பொதுவான ஓ.பி.டி.யில் அந்த அழுத்தம் ஒரே பைட்டில் வருகிறது. 255 கிலோபாஸ்கலுக்கு மேல் அதனால் சொல்லவே முடியாது. சென்னையில் அது 22 பி.எஸ்.ஐ சொச்சம், அதற்கு மேல் போகும் டீசலில் எண் அங்கேயே நின்றுவிடும். மலிவான புளூடூத் அடாப்டர் நொடிக்குச் சில முறைதான் படிக்கும், இடையில் வந்துபோன உச்சம் தெரியாது. இவற்றைவிட முக்கியமானது, டீசலில் மேப் சென்சாரின் வாயில் கரியும் எண்ணெயும் படிந்து அதுவே தப்பாக அளக்கத் தொடங்கலாம். இ.சி.யு. அந்தத் தப்பான எண்ணை நம்பித்தான் டர்போவை இயக்கும், ஸ்கேனரும் அதே எண்ணைத்தான் உங்களுக்குச் சொல்லும். தனிப்பாதையில் அளக்கும் வெளிக் கேஜ் ஒன்றால்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும். கேஜை ஒழுங்காக மாட்ட வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அந்த மதிப்பு அதற்கு இருப்பதால்தான்.

"நல்ல பிராண்டு கேஜ், தப்பாகவே காட்டாது" என்பது இன்னொரு பேச்சு. மைனஸ் 1-லிருந்து 2 பார் வரை இருக்கும் கேஜுக்கு 2.5 சதவீதத் துல்லியம் என்று வைத்தால்கூட, பிழைக்கு இடம் 0.075 பார், அதாவது 1.1 பி.எஸ்.ஐ. ஒரு பி.எஸ்.ஐ வித்தியாசத்துக்காக ராடில் கைவைப்பது அந்தக் கேஜைச் செய்தவரே ஒப்புக்கொள்ளாத துல்லியத்தை அதன்மேல் ஏற்றுவது. அலகையும் பார்க்க வேண்டும். ஜப்பான் கேஜ்களில் 1.0 என்று போட்டு ஓரத்தில் 100 கிலோபாஸ்கல் பெருக்கல் என்று இருக்கும். பழைய கேஜில் அதே 1.0 ஒரு கேஜி, அதாவது 14.2 பி.எஸ்.ஐ, பார் என்றால் 14.5. வித்தியாசம் சின்னது, ஆனால் வேறு கேஜோடு ஒப்பிடும்போது அதுவும் புகாராகி வருகிறது.

அனுபவம் உள்ள கைகள் சொல்லும் மறுப்பே கனமானது: "புல்லிங் எப்படி, புகை எப்படி, டர்போ சத்தம் எப்படி என்று பார்த்தாலே தெரியும்." ஆம், அதை மதிக்கிறேன். டர்போ விசில் மாறியதையும் பைப் கிளாம்ப் நழுவிய சீறலையும் காதால் பிடிப்பவரை எந்தக் கருவியும் மிஞ்சாது. கையும் காதும் "வண்டி நன்றாக இருக்கிறது" என்று சொல்லும்போது கேஜ் "குறைந்துவிட்டது" என்று சொன்னால் யாரை நம்புவது? அந்த நேரத்தில் அனுபவசாலியும் கேஜ் பக்கமே சாய்ந்துவிடுகிறார், ஏனென்றால் வண்டிக்காரரின் கண் அந்த எண்ணில் இருக்கிறது. கேஜைச் சோதித்து நிரூபித்தவர் தன் காதின் தீர்ப்பைத் தைரியமாகச் சொல்லலாம். ஸ்கேனரில் பி0299 என்ற குறைபூஸ்ட் கோடோ, பி0234 என்ற மிகைபூஸ்ட் கோடோ இல்லை, புகை இல்லை, இழுப்பு குறையவில்லை, கேஜ் மட்டும் மாறுகிறது என்றால், சந்தேகம் முதலில் போக வேண்டியது கேஜின் பாதைக்கு.

நேரம், கூலி என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. அரை மணி நேரத்துக்கு யார் பணம் தருவார்கள் என்கிறீர்கள். கேளுங்கள், பில்லில் "பூஸ்ட் கேஜ் சோதனை" என்று தனி வரியாகப் போடுங்கள். டர்போ மாற்றும் செலவோடு ஒப்பிட்டுச் சொன்னால் மறுப்பவர் குறைவு. கேஜ் மாட்டும் அன்றே எந்த நிப்பிளில் எடுத்தது, ரெஸ்ட்ரிக்டர் உண்டா, இன்ஜின் ஆஃபில் எங்கே நின்றது, 300 மில்லிமீட்டரில் என்ன காட்டியது, ஐடிலில் என்ன என்ற ஐந்தையும் ஜாப் கார்டில் எழுதி ஒரு நகலை வண்டிக்காரரிடம் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து வேறு ஊரில், வேறு பட்டறையில் அவர் போய் நின்றாலும், அங்கே இருப்பவர் ஊகத்தில் தொடங்க வேண்டியதில்லை. உங்கள் பட்டறைக்கு நாளை வரும் வண்டியில் ஸ்பானரை ஆக்சுவேட்டர் ராடில் வைப்பதற்கு முன், அந்தக் கேஜின் ஹோஸை ஒருமுறை கழற்றிக் காற்றேற்றிப் பாருங்கள் என்று உங்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வேலையை மதிக்கும் ஒருவன்